முட்டுக்கட்டை இல்லாத முன்சக்கரம்: மூடிய ட்ரெய்லரில் சாய்ந்த ஒரு கிளாசிக் 350, நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஏற்றும்போது நிமிர்ந்து நின்ற வண்டி, சேலத்தில் கதவைத் திறந்தபோது இடப்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஜே-சீரிஸ் இன்ஜின் வந்த பிறகான மாடல். போகவேண்டிய ஊர் கோயம்புத்தூர். வழியில் மோதல் எதுவும் இல்லை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டதாகவும் சொல்லவில்லை. கட்டியிருந்த பெல்ட் ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்தச் சுமையை எடுத்து அலசுகிறோம். வண்டி விழுந்தால் "இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்திருக்கணும்" என்பதுதான் முதலில் வரும் பேச்சு. இங்கே தேவைக்கு மேலேயே இழுத்திருந்தார்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களான ஃபோர்க் அடிமட்டம் தட்டும்வரை இறுக்கியும் வண்டி விழுந்தது.

ஏற்றியிருந்த விதம்

ட்ரெய்லர் ஒற்றை அச்சு, பட்டை ஸ்பிரிங், நாலு பக்கமும் தகரம் அடித்த மூடிய பெட்டி. உள் அகலம் 1.8 மீட்டர், தரை 18 மி.மீ. பிளைவுட். வண்டி 195 கிலோ. அதைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தி, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கத்திலும் 25 மி.மீ. ராட்செட் பெல்ட்டின் (கிளிக் கிளிக்காக இறுக்கும் பெல்ட்) கொக்கியை மாட்டி, தரையிலிருந்த டி-வளையங்களுக்கு இழுத்திருந்தார்கள். வளையங்கள் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஹேண்டில்பாரைவிட 40 செ.மீ. முன்னால் இருந்தன. பின்பக்கத்துக்கு ஒரே ஒரு நைலான் கயிறு, சீட்டின் மேல் குறுக்காகப் போட்டு இரண்டு ஓரத்திலும் முடிச்சு. முன்சக்கரத்துக்கு முன்னால் அதைத் தடுத்து நிறுத்தும் முட்டுக்கட்டை எதுவும் இல்லை. சுவருக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

பார்வைக்கு வண்டி அசையாமல் நின்றது. ஆட்டிப் பார்த்தால் ட்ரெய்லரே சேர்ந்து ஆடியது. ஏமாற்றியது இந்த உறுதிதான். நிற்கிற ட்ரெய்லரில் மனிதர் கையால் ஆட்டுவது பக்கவாட்டு அசைவு. ஓடுகிற ட்ரெய்லரில் முதலில் வருவது முன்னோக்கிய தள்ளல், அதை யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை.

தரையில் இருந்த தடயங்கள்

வண்டியை நிமிர்த்துவதற்கு முன் தரையைப் பார்த்தது நல்லதாயிற்று. சென்டர் ஸ்டாண்டின் இரண்டு பாதங்களும் பிளைவுட்டில் 11 செ.மீ. நீளத்துக்கு நேர்க்கோடாக, முன்னோக்கிக் கீறியிருந்தன. கோடுகள் வளையவில்லை. அதாவது வண்டி சாய்ந்த பிறகு நகரவில்லை. நேராக நின்றபடியே முன்னால் போயிருக்கிறது, அதன் பிறகே ஸ்டாண்டு மடங்கியிருக்கிறது.

வலப்பக்கப் பெல்ட்டின் கொக்கி தரையில் கிடந்தது. எஸ் வடிவக் கொக்கி, வாயில் தாழ் இல்லாதது. அதன் வளைவு கொஞ்சமும் விரியவில்லை. இழுவையில் திறந்துகொண்ட கொக்கி என்றால் வாய் அகன்றிருக்கும். இது தொளதொளத்த நேரத்தில் தானாக நழுவி விழுந்த கொக்கி. அந்தப் பக்க டி-வளையத்தின் நாலு மரத் திருகாணிகளில் இரண்டு 6 மி.மீ. மேலே எழும்பியிருந்தன, துளையைச் சுற்றிப் பிளைவுட் சிலும்பு மேல்நோக்கி நின்றது. ஃபோர்க்கின் இடது குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம். கிளட்ச் லீவர் வளைந்து, ஹேண்டில்பார் முனை சுவர்த் தகரத்தில் குழி விழுத்தியிருந்தது. பெட்டிக்குள் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

இவற்றை வரிசைப்படுத்தினால் நடந்தது தெளிவாகிறது. தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் சாலை நீண்ட இறக்கமாக இறங்குகிறது. அங்கே பிரேக் மேல் பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் 195 கிலோவும் முன்னால் போகப் பார்க்கும். சென்டர் ஸ்டாண்டு மடங்குவதும் வண்டி முன்னால் போனால்தான். வீட்டு வாசலில் ஸ்டாண்டிலிருந்து இறக்க எப்படி முன்னால் தள்ளுகிறோமோ, அதையே ட்ரெய்லரின் பிரேக் செய்தது. முன்சக்கரம் தடையில்லாமல் உருண்டது, ஸ்டாண்டு மடங்கியது, அதுவரை அந்தரத்தில் நின்ற பின்சக்கரம் சில செ.மீ. கீழே இறங்கித் தரையைத் தொட்டது. சீட்டின் மேலிருந்த கயிறு அந்த இறக்கத்திலேயே தளர்ந்துவிட்டது.

முன் பெல்ட்டுகளின் கதை இன்னும் முக்கியமானது. வளையம் 40 செ.மீ. முன்னால், ஹேண்டில்பார் பிடிப்பு சுமார் 1 மீட்டர் உயரத்தில். பெல்ட்டின் நீளம் ஏறக்குறைய 108 செ.மீ. வண்டி 11 செ.மீ. முன்னால் போனால் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் 104.5 செ.மீ. ஆகிவிடும். மூன்றரை செ.மீ. தொய்வு, யாரும் பெல்ட்டைத் தொடாமலே. திருகாணி எழும்பியது இன்னும் 6 மி.மீ. அமுங்கியிருந்த ஃபோர்க் விரிந்து இதில் பெரும்பகுதியை நிரப்பியிருக்கும், ஆனால் பழைய விறைப்பு போய்விட்டது. அடுத்த பள்ளத்தில் வண்டி வலப்பக்கம் சாய்ந்த நொடியில் வலது பெல்ட் தளர்ந்து கொக்கி கழன்றது. திரும்பி இடப்பக்கம் வந்தபோது பிடித்து நிறுத்த எதுவும் மிச்சமில்லை.

ஆக, முன் பெல்ட்டுகள் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் முன்சக்கரம் ஒன்றின் மேல் முட்டி நிற்காதவரை அவற்றின் விறைப்பு கடன் வாங்கிய விறைப்பு. பெல்ட் முன்னால் இழுக்கிறது, முட்டுக்கட்டை பின்னால் தள்ளுகிறது; இந்த இரண்டுக்கும் நடுவே பிடிபட்டுத்தான் சக்கரம் நிற்கிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வேலை செய்யாது.

எத்தனை கிலோவைத் தாங்க வேண்டும்

சாலையில் சுமை கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம் இ.என். 12195, முன்னோக்கிச் சுமையின் எடையில் 0.8 பங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. நம் வண்டிக்கு அது முன்னால் 156 கிலோ, பக்கத்துக்கு 97 கிலோ.

பக்கவாட்டுக் கணக்கைத்தான் பலரும் போட்டுப் பார்ப்பதில்லை. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 55 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தட்டு சுமார் 80 செ.மீ. உயரம், அங்கே பெல்ட்டைக் கட்டினால் அந்த உயரத்தில் 67 கிலோ கிடைமட்ட இழுவை தேவை. பெல்ட் தரைக்கு 45 டிகிரியில் இறங்கினால், அதன் இழுவை 95 கிலோ இருந்தால் போதும். வளையத்தை 30 செ.மீ. தள்ளி மட்டும் வைத்து பெல்ட்டை 70 டிகிரிக்குச் செங்குத்தாக்கினால் அதே வேலைக்கு 196 கிலோ வேண்டும். இரு மடங்குக்கும் மேல். வளையத்தை அரை மீட்டர் வெளியே தள்ளிப் போடுவது, பெல்ட்டை இரட்டிப்பு வலுவுள்ளதாக வாங்குவதற்குச் சமம்.

செங்குத்துப் பெல்ட்டை இறுக்க இறுக்க அது வண்டியைக் கீழேதான் அமுக்கும், பக்கவாட்டில் அவ்வளவாகப் பிடிக்காது. ஆட்டம் நிற்கவில்லையே என்று மேலும் இறுக்குவார்கள். கிளாசிக்கின் முன் ஃபோர்க் பயணம் 130 மி.மீ. அது முழுவதும் அமுங்கி அடிமட்டம் தட்டினால் ஸ்பிரிங் என்ற ஒன்று இல்லாமல் போகிறது. அதன் பிறகு ஒவ்வொரு வேகத்தடையின் அடியும் நேராக டி-வளையத்தின் திருகாணிக்குப் போகும். அந்த இரண்டு திருகாணிகள் எழும்பியது அப்படித்தான். பல மணி நேரம் முழு அமுக்கத்தில் நின்றால் ஃபோர்க் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் ஆயில் சீல், கொஞ்சம் தேய்ந்திருந்தால், கசியத் தொடங்கலாம். இடது குழாயின் எண்ணெய் வளையம் அதைச் சொல்கிறது.

மறுபடி கட்டியது

மிச்சப் பயணத்துக்கு இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள். முறையான கட்டு, அதே ட்ரெய்லரில் அதன் பிறகு அமைந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் முட்டுக்கட்டை. 30 × 60 செ.மீ. பிளைவுட் துண்டின் மேல் இரண்டு கெட்டி மரச் சட்டங்கள், 75 × 50 மி.மீ., நடுவில் 110 மி.மீ. இடைவெளி. முன் டயர் 100/90-19, நூறு மி.மீ. அகலம் அந்தப் பள்ளத்தில் பக்கத்துக்கு 5 மி.மீ. இடம்விட்டு உட்காரும். முன்னால் 25 செ.மீ. உயரத்துக்கு இரும்பு ஆங்கிளில் ஒரு தடுப்பு. அதைவிடத் தாழ்ந்தால் டயர் ஏறப் பார்க்கும். அதைவிட உயர்த்தினால் மட்கார்டில் இடிக்கக்கூடும். தடுப்பு தொடவேண்டியது டயரை மட்டும். இவை எல்லாம் தரைக்கு எம்-10 போல்ட்டால், அடியில் தகடு கொடுத்து, நைலான் பூட்டு நட்டுடன். கடையில் கிடைக்கும் இரும்பு முட்டுக்கட்டையும் சரியே, தரையில் போல்ட் போட்டிருந்தால். ஆணி அடித்த மரத்துண்டு முட்டுக்கட்டை ஆகாது.

டி-வளையங்கள் நடுக்கோட்டிலிருந்து 80 செ.மீ. வெளியே போயின. ஒவ்வொன்றுக்கும் துளைத்து மறுபக்கம் வரும் போல்ட், அடியில் 75 × 75 × 5 மி.மீ. இரும்புத் தகடு. முடிந்த இடத்தில் தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தையும் சேர்த்துத் துளைத்தார்கள். மரத் திருகாணியை மட்டும் நம்பிய வளையம், சாமான் அசையாமலிருக்கப் போதும். குதிக்கிற 195 கிலோவுக்குப் போதாது.

பெல்ட் பாலியெஸ்டர். நைலான் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். இரண்டு மீட்டர் கயிறு நூற்றுக்கு இரண்டு நீண்டாலே நான்கு செ.மீ. போய்விடும். அகலத்தைவிடப் பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச் சீட்டைப் படிப்பது முக்கியம். எல்.சி. (பெல்ட் தாங்கும் இழுவை) என்று டெகாநியூட்டனில் போட்டிருக்கும் எண்ணைக் கிலோ என்றே எடுத்துக்கொள்ளலாம். 400-க்குக் குறையாமல் பாருங்கள். சீட்டே இல்லாத பெல்ட்டை வண்டி கட்ட எடுக்க வேண்டாம். கொக்கி, வாய்த் தாழுள்ளதாக இருக்கட்டும். இந்த நிகழ்வில் அந்தச் சிறு தாழ் ஒன்று இருந்திருந்தால் கொக்கி கழன்றிருக்காது. வண்டி நகர்ந்திருக்கும், அநேகமாக விழுந்திருக்காது.

ஏற்றுவதற்கு முன் ட்ரெய்லர் இழுக்கும் வண்டியோடு மாட்டியே இருக்க வேண்டும். தனியாக நிற்கும் ஒற்றை அச்சு ட்ரெய்லரின் பின்முனையில் 195 கிலோ ஏறினால் மூக்கு மேலே தூக்கிவிடும். சாய்தளப் பலகையின் நீளமும் கவனிக்கத்தக்கது. தரை 50 செ.மீ. உயரத்தில் இருந்து, பலகை 2.1 மீட்டர் என்றால் சரிவு 14 டிகிரி; தள்ளுவதற்கு 46 கிலோ அளவு பலம், இரண்டு பேருக்குச் சுலபம். 1.2 மீட்டர் பலகை என்றால் சரிவு 25 டிகிரிக்கு வரும். பலம் 81 கிலோ அளவுக்குக் கூடுவது ஒருபுறம் இருக்க, வண்டியின் இரு சக்கரங்களுக்கு நடுவே உள்ள 1,390 மி.மீ. அந்த முகட்டில் ஏறும்போது நடுப்பகுதி 150 மி.மீ. தாழ்கிறது. கிளாசிக்கின் தரை இடைவெளியே 170 மி.மீ. ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கினால் அடிப்பகுதி பலகை விளிம்பில் உரசி நின்றுவிடும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, பிடித்திருப்பவர் கை நடுங்கும். பலகையின் மேல்முனையைச் சங்கிலியாலோ பெல்ட்டாலோ ட்ரெய்லரோடு கட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், சக்கரம் ஏறும் வேகத்தில் பலகை பின்னால் வழுக்குவது சாதாரணமாக நடக்கும்.

முன்சக்கரம் முட்டுக்கட்டைக்குள் போய்த் தடுப்பில் இடித்ததும் ஒருவர் வண்டியைப் பிடித்திருக்க, மற்றவர் கட்டுவார். சைடு ஸ்டாண்டு, சென்டர் ஸ்டாண்டு இரண்டுமே மடங்கியிருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் கீழ்நோக்கிய இழுவை முழுவதும் அந்த ஒற்றைக் காலின் மூட்டில் விழும். மூட்டு வளைந்தால் வண்டி வாழ்நாள் முழுக்க அதிகமாகச் சாய்ந்தே நிற்கும். ஸ்டீயரிங் பூட்டு திறந்து, ஹேண்டில்பார் நேராக.

பெல்ட்டை ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். அது தன் பிடிக்குள் கொஞ்சம் சுழன்றாலே ஒன்றிரண்டு செ.மீ. தொய்வு வந்துவிடும். கீழ்த் தட்டுக்குச் சற்று மேலே, ஃபோர்க் குழாயைச் சுற்றி ஒரு துணி வளையத்தைப் போட்டு, அதன் இரு முனையிலும் கொக்கியை மாட்ட வேண்டும். பிரேக் ஹோஸ், ஒயர் எதுவும் வளையத்துக்குள் சிக்கவில்லை என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு இரண்டு பெல்ட்டையும் மாறி மாறி, மூன்று மூன்று கிளிக்காக இழுக்கவும். ஒரே பக்கத்தை முதலில் முழுக்க இழுத்தால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தபடி பூட்டிக்கொள்ளும்.

எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரு எளிய வழி. வண்டி தன் எடையில் நிற்கும்போது ஃபோர்க் குழாயில் சீலுக்கு ஒட்டி ஒரு கேபிள் டை (ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) மாட்டுங்கள். இழுக்கும்போது சீல் அதை மேலே தள்ளும். 40 மி.மீ. நகர்ந்ததும் நிறுத்துங்கள். தானாக அமுங்கியிருந்ததையும் சேர்த்தால் ஃபோர்க் பயணத்தில் ஏறக்குறைய பாதி. மிச்சப் பாதி சாலைக்கு. அமுங்கிய அந்த ஸ்பிரிங் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டிருப்பதால்தான் பெல்ட் விறைப்பாக நிற்கிறது. பெல்ட் சற்று நீண்டாலும் ஸ்பிரிங் அந்த இடைவெளியைத் தின்றுவிடும்.

ஃபோர்க் அமுங்காமலிருக்க டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கட்டை வைப்பதைச் சிலர் செய்கிறார்கள். மோட்டோகிராஸ் வண்டியில் மட்கார்டு உயரத்தில், ஃபோர்க்கின் மேல்பாகத்தோடு இருக்கும். அங்கே டயருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே கட்டை வைப்பதில் பொருள் உண்டு. கிளாசிக்கில் மட்கார்டு சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அங்கே வைத்த கட்டை எதையும் தாங்காது, மட்கார்டு பெயின்ட்டைத்தான் கெடுக்கும்.

பின்பக்கத்துக்கு இரண்டு பெல்ட், பின்னோக்கியும் வெளிநோக்கியும். பிடிக்கும் இடம் சேசிஸ், பின்னால் அமர்பவரின் ஃபுட்ரெஸ்ட் பிடிபோல்ட் சேசிஸில் சேருமிடம். மடங்கும் ஃபுட்ரெஸ்ட் அல்ல. சாரி கார்டு கைக்கு வசதியாக நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொக்கி மாட்டத் தோன்றும். அது சேலை சக்கரத்தில் போகாமல் தடுக்கச் செய்த மெல்லிய கம்பி, முதல் இழுப்பிலேயே வளையும். லெக் கார்டும் அப்படியே. ஷாக் 15, 20 மி.மீ. அமுங்கினால் போதும், பின் பெல்ட்டுகளின் வேலை பின்பக்கம் குதித்துப் பக்கம் மாறாமல் பிடிப்பது. முதல் கியரில் விடலாம், கெடுதல் இல்லை, ஆனால் கியரைக் கட்டாக எண்ண வேண்டாம். பெல்ட் பெயின்ட்டைத் தொடும் இடமெல்லாம் சுத்தமான துணி. பெல்ட்டுக்கு அடியில் ஒட்டிய தூசி 500 கி.மீ. அதிர்வில் உப்புத்தாள் போலத் தேய்க்கும். மீதி பெல்ட் நுனிகளை முடிந்துவிடவும்.

வண்டியின் எடை அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். இழுக்கும் வண்டியோடு ட்ரெய்லரை இணைக்கும் கொக்கியின் மேல் ட்ரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இறங்குவது வழக்கமான அளவு. பின்னால் அதிகமானால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும்.

பெட்ரோல்

சாய்ந்த வண்டியின் டேங்க் ஏறக்குறைய முழுதாக இருந்தது. பெட்ரோல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒன்று விரியும். காலை 25 டிகிரியில் நிரம்பிய 13 லிட்டர், தகரப் பெட்டிக்குள் 55 டிகிரியைத் தொட்டால் 370 மி.லி. கூடுதலாகும். நிமிர்ந்த வண்டியிலேயே அதற்கு இடம் வேண்டும். சாய்ந்த வண்டியில் மூடி வழியே கசியும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ரயிலில் பைக்கைப் பார்சல் போடும்போது டேங்கைக் காலி செய்யச் சொல்வது சும்மா அல்ல. ட்ரெய்லரில் கால் டேங்குக்குக் கீழே வைத்தால் நல்லது. பழைய கார்புரேட்டர் புல்லட் என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிடவும். வாடை வந்தால் இரண்டு கதவையும் திறந்து சில நிமிடம் காற்றோடவிட்டு, அதற்குப் பிறகே உள்ளே போகவும். உள்விளக்கின் சுவிட்சைத் தொடுவதும் அதற்குப் பிறகுதான்.

வழியிலும் இறக்கும்போதும்

புறப்பட்டு 10, 15 கி.மீ.க்குள் ஒரு முறை நிறுத்திக் கட்டைப் பார்ப்பதை விடவே கூடாது. பெல்ட் படிவது, டயர் முட்டுக்கட்டைக்குள் உட்காருவது எல்லாம் அந்தத் தூரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான தொய்வு அப்போதுதான் தெரியும். அடுத்து வேலூரைத் தாண்டி, பிறகு தொப்பூர் இறக்கத்துக்கு முன் தருமபுரிப் பக்கம். சேலத்தில் பார்ப்பது இறக்கம் முடிந்த பிறகு பார்ப்பது. கையால் பெல்ட்டை அழுத்திப் பார்ப்பதைவிடக் கேபிள் டையைப் பாருங்கள். அது நகராமல் இருக்க, சீல் மட்டும் அதைவிட்டுக் கீழே இறங்கியிருந்தால் விறைப்பு குறைந்திருக்கிறது. மாறாகக் கேபிள் டை முன்பு இருந்த இடத்தைவிட மேலே போயிருந்தால் சாலை எவ்வளவு அடித்தது என்பதும் தெரியும்.

இறக்கும்போது அவசரப்பட்டு விழவிடும் வண்டிகள் நிறைய. பலகையை வைத்துக் கட்டி, பின் பெல்ட்டுகளை முதலில் எடுத்து, ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டில்பாரையும் சீட்டின் பின்பிடியையும் பிடித்த பிறகே முன் பெல்ட்டில் கை வைக்க வேண்டும். ராட்செட்டைத் திறந்தால் அமுங்கிய ஃபோர்க் ஒரே உதையில் விரியும். முதலில் வலப்பக்கம், வண்டி பிடித்திருப்பவர் பக்கம் லேசாக வரும். சைடு ஸ்டாண்டைப் போட்டு, அதன் பிறகு இடப்பக்கம்.

மறுநாள் காலையில் இரண்டு ஃபோர்க் குழாயையும் உலர்ந்த துணியால் துடைத்து, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஏழெட்டு முறை அமுக்கி விட்டு, சீலுக்கு மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் எண்ணெய் ஒட்டினால் சீல் மாற்ற வேண்டும். இந்த வண்டியில் இடப்பக்கம் ஒட்டியது.